மாமனார் உயிலில் மாப்பிள்ளை கையெழுத்து

பத்திரம் எழுதுகிறவனுக்கு உயிரோடு இருப்பவர்கள் வாடிக்கையாளர்கள், செத்தவர்கள் ஆதாரங்கள். அறுபதுகளின் கடைசியிலும் எழுபதுகளின் தொடக்கத்திலும் தருமபுரியில் பதிவு அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்து பத்திரம் எழுதினேன். கேட்பவர்களுக்குப் பழைய உயில்களைத் தேடிப் படித்தும் சொன்னேன்.

உயிலை முத்திரைத்தாளில்தான் எழுத வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நாட்டில் உலவுகிறது. இது பிழை. சாதாரணப் பிழை அன்று. படித்தவரும் படிக்காதவரும் வேற்றுமை பாராமல் சேர்ந்து வளர்க்கும் பிழை. உயிலுக்கு வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவருக்குத் தெளிந்த புத்தியும் கீழே இரண்டு சாட்சிகளும் வேண்டும். புத்தி இல்லாத உயில்கள் பலவற்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் குடும்பத்தைக் கவிழ்ப்பவை சாட்சிக் கையெழுத்துகள்தாம். பழந்தாள் கிளறித் தும்மும் அன்பர்களுக்கு இது புரியும்.

எப்போது வரட்டும்?

பதிவான உயிலின் நகலை, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை வேறு யாருக்கும் தரமாட்டார்கள். வம்சாவளி எழுதப்போவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவர் தம் தந்தையின் உயில் நகலைக் கேட்டு வந்தார். இறப்புச் சான்று கேட்டேன். "அவரு வூட்டுல நல்லா இருக்காருங்க. காலையில கூட களி ரெண்டு உருண்டை சாப்பிட்டாரு" என்றார். அப்படியானால் இப்போது முடியாது என்று சட்டத்தை விளக்கினேன். சற்று யோசித்துவிட்டு, மிகப் பணிவாகக் கேட்டார்: "அப்ப நா எப்ப வரட்டுங்க?"

ஓலை நின்றது

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடும் சவரிமுத்துவும் அவர் மனைவி ஜெபமாலையும் வந்தது வேறு காரியத்துக்கு. மகள் புஷ்பத்தைத் தருமபுரி லூர்துசாமியின் மகனுக்கு நிச்சயித்திருந்தார்கள். கத்தோலிக்கர் திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள், அதாவது இன்னாருக்கு இன்னார் என்று அறிவிப்பார்கள். தடை தெரிந்தவர் சொல்லலாம். வழக்கமாக யாரும் வாய் திறப்பதில்லை. முதல் ஞாயிறே சூசை என்ற உறவினர் எழுந்துவிட்டார். "பொண்ணோட தாத்தா இராயப்பனும் மாப்பிள்ளையோட தாத்தா சின்னப்பனும் அண்ணன் தம்பிங்க. ஒரே வூட்டுல இருந்தவங்க" என்றார்.

அது உண்மையானால் மணமக்கள் பங்காளி வீட்டுப் பிள்ளைகள், அதாவது அண்ணன் தங்கை முறை. கோயில் சாமியார் ஆதாரம் கேட்டு ஓலையை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் அப்பா லூர்துசாமிக்கோ பெற்ற தாயின் முகமே தெரியாது. அன்னம்மாள் என்ற பெயர் மட்டும் தெரியும். அவள் இறந்ததும் சின்னப்பன் கைக்குழந்தையோடு கோலார் பக்கம் போய்விட்டார். சவரிமுத்துவின் அப்பா இராயப்பன் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. இப்போது கேட்கலாம் என்றால் இரண்டு தாத்தாக்களும் உயிரோடு இல்லை. ஜெபமாலை தலையில் கைவைத்துக்கொண்டு சொன்னார்: "பத்திரிகை அடிச்சாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு. இவரு சொந்தக்காரங்க யாருன்னு இவரத் தவிர ஊருக்கே தெரியுதுங்க!"

கீழிருந்து மேலே

உயிலை நான் கீழிருந்து மேலே படிப்பேன். மேலே இருப்பது ஆசை. கீழே இருப்பவர்கள் ஆட்கள். இராயப்பனின் தந்தை அருளப்பன் எழுதிய உயில் அகப்பட்டது. மகள் அன்னம்மாளுக்குக் கிணற்றுத் தோட்டம். மற்றதெல்லாம் மகன் இராயப்பனுக்கு. சின்னப்பனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் முதல் சாட்சி அவர்தான்.

கூடவே வந்திருந்த சூசை, "பாத்தீங்களா, கோவிச்சுக்கிட்டுப் பங்கு வேண்டாம்னுட்ட மகன்" என்றார். கோபித்துக்கொண்ட மகனை யாரும் முதல் சாட்சியாக உட்காரவைப்பதில்லை, நம் பக்கத்தில் முதல் கையெழுத்து மாப்பிள்ளைக்குச் செய்யும் மரியாதை, எனவே சின்னப்பன் அன்னம்மாளின் கணவர் என்று நான் விரிவாகவே எடுத்துரைத்தேன். சூசை கேட்டுவிட்டுச் சொன்னார்: "மரியாதை சரிங்க. மரியாதைய சாமியாரு ஆதாரம்னு எடுத்துக்குவாரா?"

வேறிடத்துத் தக்காளி

நியாயமான கேள்வி. கிறிஸ்தவர் உயிலை நீதிமன்றத்தில் மெய்ப்பிக்க வேண்டும். அருளப்பன் காலத்தில் நமக்கு நீதிமன்றம் சேலத்தில். போய் உத்தரவின் நகல் வாங்கி வந்தேன். அதன் கடைசிப் பத்தி இது: முதல் சாட்சி சின்னப்பன், அன்னம்மாளின் கணவர்; சாட்சி போட்டவருக்கோ அவர் மனைவிக்கோ எழுதிவைத்தது செல்லாது; ஆகவே தோட்டம் இராயப்பனுக்கே. மாமனார் செய்த மரியாதையில் மகளின் தோட்டம் போய்விட்டது.

ஆக, இராயப்பனும் சின்னப்பனும் மைத்துனர்கள். புஷ்பத்துக்கு அந்தப் பையன் முறைமாப்பிள்ளை. ஆனால் சவரிமுத்துவின் முகம் தெளியவில்லை. அவர் தக்காளி போடுவது அந்தக் கிணற்றுத் தோட்டத்தில்தான். உத்தரவைக் காட்டினால் சம்பந்தி அதையும் படிப்பார். "அந்தக் கடைசிப் பத்தி இல்லாம ஒரு நகல் கெடைக்குங்களா?" என்றார். ஆதாரமே அந்தப் பத்திதான் என்றேன். ஜெபமாலை அவர் கையிலிருந்து தாளை வாங்கிக்கொண்டார்: "குடுங்க இப்படி. தக்காளி வேற எடத்துலயும் காய்க்கும்."

பேர் எழுதின காகிதம்

சாமியார் படித்தார். திருச்சபைக்கு மாமன் வழியும் இரத்த உறவுதான், ஆயரிடம் விலக்கு வாங்க வேண்டும் என்றார், அதுவும் வந்தது. நின்ற ஓலை நகர்ந்தது. லூர்துசாமி மட்டும் நகலை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். தோட்டத்தைப் பற்றித்தான் கேட்கப்போகிறார் என்று சவரிமுத்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். லூர்துசாமி சொன்னார்: "எங்கம்மாவுக்கு ஒரு போட்டோ கூட இல்லீங்க. பேரு எழுதின காகிதத்த இன்னிக்குத்தான் பாக்கறேன்."

சாட்சிக்கு ஆள் வேண்டும்

கல்யாணம் முடிந்த அடுத்த வாரம், கிணற்றுத் தோட்டத்தைப் புஷ்பத்துக்குத் தானமாக எழுதச் சொல்லிச் சவரிமுத்து வந்தார். இரு குடும்பத்தாரும் கூடவே வந்திருந்தார்கள். எழுதி முடித்து, சாட்சிக்கு இருவரைக் கூப்பிட்டேன். யாரும் அசையவில்லை. இது உயில் அன்று, தானப்பத்திரம். உறவினர் சாட்சி போட்டால் ஒரு குறைவும் வராது என்று பிரிவுகளோடு விளக்கினேன். சூசை கைகளைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். லூர்துசாமி எழுந்து நின்று கும்பிட்டார்: "நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும். இருந்தாலும் வெளியாளாப் பாருங்க."

அன்னம்மாளின் தோட்டம் அன்று அவள் பேரன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது, அடியில் எதிர் டீக்கடைக்காரர், பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் ஆகியோரின் கையெழுத்துகளுடன்.