மூன்று ரெக்கார்டரிலும் கேட்ட சத்தம்

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வேலை பார்த்த ஆடியோ கடைக்கு ரெக்கார்டர் வாங்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் டெஸ்ட் செய்வார்கள். "ஹலோ, ஹலோ, ஒன் டூ த்ரீ." கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். வீட்டுக்குப் போய் ஹலோ ஹலோ என்றா பேசிக்கொண்டிருக்கப் போகிறார்கள்? அதனால் மெஷினைக் கையில் கொடுத்ததும், "காலையில என்ன சாப்பிட்டீங்க, அதைச் சொல்லுங்க" என்பேன். சாப்பாட்டைப் பற்றிப் பேசும்போது யாருக்கும் நடிப்பு வராது.

இப்போது பூச்சோங்கில் மகள் வீட்டில் ஓய்வாக இருக்கிறேன். கடையை நினைத்தால் முதலில் மணியம் அண்ணன் முகம்தான் வருகிறது.

1. ஐநூறு வெள்ளிக்குள்ளே

அண்ணன் பண்டமாரான்காரர். துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டினார். உள்ளே வந்ததுமே, "பாஸ், பாட்காஸ்ட் பண்ண ஒரு மெஷின் வேணும். ஐநூறு வெள்ளிக்குள்ள பாருங்க லா" என்றார். துறைமுக கேட்டில் காத்துக் கிடக்கும் நேரத்தில் ரோட்டுக் கதைகளைப் பேசி நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவாராம். அவர்கள்தான் இதைப் பாட்காஸ்டாகப் போடச் சொன்னார்களாம்.

"அதுக்கு போனே போதுமே அண்ணே?" என்றேன். இப்படிக் கேட்பதற்காகவே முதலாளி என்னை முறைப்பார். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது.

"எங்க பாஸ்! கதை சூடு பிடிக்கிறப்பதான் ஆபீஸ்ல இருந்து கூப்பிடுவான், லோரி எங்க, லோரி எங்கன்னு. ரெக்கார்டிங் நின்னு போயிடும்."

நியாயம்தான். மூன்று ரெக்கார்டர்களை எடுத்து வைத்தேன். முதலாவதில் நாலு மைக் சொருகலாம். ஒற்றை ஆள் பேச அது எதற்கு? இரண்டாவது சட்டையில் மாட்டுகிற சின்னது. சார்ஜ் இறங்கினால் படுத்துவிடும். மூன்றாவதுதான் என் மனசுக்குப் பட்டது. மேலே இரண்டு மைக், ரெக்கார்ட் செய்ய ஒரு சிவப்புப் பொத்தான், எந்த பெட்ரோல் ஸ்டேஷனிலும் கிடைக்கிற டபுள் ஏ பேட்டரி. விலையும் ஐநூறு ரிங்கிட்டுக்குள் அடக்கம்.

2. கரகரப்பு

ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மூன்றாவதைக் கொடுத்துப் பேசச் சொன்னேன்.

"ரொட்டி சானாய் ரெண்டு, பருப்புக் கறி. டாக்டர் எண்ணெய் வேணாம்னாரு. நான் அதைக் கடைக்காரன்கிட்ட சொல்லல."

சிரித்துவிட்டேன். ஆனால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் காற்று உரசுகிற மாதிரி ஒரு கரகரப்பு. மூச்சு மைக்கில் படுகிறது என்று ஸ்பாஞ்ச் மூடியைப் போட்டேன். தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். ஃபேனை நிறுத்தினேன். மற்ற இரண்டு மெஷினையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். மூன்றிலும் அதே சத்தம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. புதுப் பெட்டியைப் பிரிக்கலாம் என்று எழுந்தேன்.

அவர் என் கையைப் பிடித்தார். "விடுங்க பாஸ். மெஷின் நல்லாத்தான் இருக்கு. சத்தம் என் தொண்டையில."

குரல்வளையில் புற்றுநோய். அடுத்த வாரம் ஆபரேஷன். அதற்கப்புறம் இந்தக் குரல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அதற்குள் பேச வேண்டியதையெல்லாம் பேசி வைத்துவிட வேண்டும் என்றுதான் வந்திருக்கிறார்.

ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தேன். கடைசியில் தெரிந்த தொழிலைத்தான் பேசினேன். "கம்ப்யூட்டர்ல போட்டு அந்தக் கரகரப்பை எடுத்துடலாம் அண்ணே."

"வேணாம் பாஸ், இருக்கட்டும். ஒரு வருஷமா இந்தக் குரல்லதான் வீட்ல சண்டை போடுறேன்."

மூன்றாவதையே வாங்கினார். கை தவறி அழுத்திவிடாமல் இருக்க, ரெக்கார்ட், பிளே இரண்டையும் விட்டு மற்ற பொத்தான்களின் மேல் டேப் ஒட்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு அன்று வேலையே ஓடவில்லை.

3. ஒரு புகார்

சில மாதம் கழித்து மனைவியோடு வந்தார். இளைத்திருந்தார். கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தது. யாரைப் பார்த்துப் பேசுவது என்று நான் தடுமாறுவதற்குள், சட்டைப்பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்து மேசையில் வைத்துப் பிளேயை அழுத்தினார்.

"பாஸ், சௌக்கியமா? மணியம் பேசறேன். நாளைக்கு ஆபரேஷன். மெஷின் சூப்பர். ஆனா பேட்டரியை இந்தத் தின்னு தின்னுதே, நீங்க சொல்லவே இல்லையே லா!"

முடிவில் அதே கரகரப்பு. அவர் தோள் குலுங்கச் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். "டீக்கடைக்காரருக்கும் ஒண்ணு பேசி வச்சிருக்காரு அண்ணே, பால் பத்தலைன்னு" என்றார் மனைவி.

பேட்டரி பாக்கெட் ஒன்றை எடுத்து அவர் பையில் போட்டேன், பில் போடாமல். முதலாளி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றைக்கு முறைக்கவில்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் செய்யும்போது ஏதாவது குறையாகக் கேட்டால், மெஷினை மாற்றுவதற்கு முன்னால் பேசுகிறவர் முகத்தை ஒரு தடவை பாருங்கள். நான் மூன்று மெஷினை மாற்றிய பிறகுதான் பார்த்தேன்.