அபிதகுசாம்பாளின் அந்தமான்

அபிதகுசாம்பாளுக்கு இந்தியா முழுவதும் மனப்பாடம். ஆனால் எல்லாம் எண்களாகத்தான். ஆரணி பஜாரை ஒட்டிய ஒரு சின்னத் தபால் நிலையத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கவுண்டரில் உட்கார்ந்து பின்கோடு தட்டுகிறவளுக்கு அது ஒன்றும் பெரிய வித்தை இல்லை.

கலசப்பாக்கத்தில் இருக்கும் அவளுடைய நாத்தனாரைக் கேட்டால், அபிதா ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து ஸ்டாம்பு விற்கிறாள், மாதம் பிறந்தால் லட்சம் வாங்குகிறாள் என்பார். லட்சமாம், லட்சம். இன்று புதிதாகச் சேருகிறவருக்கு அடிப்படைச் சம்பளம் இருபத்தைந்தாயிரத்து ஐந்நூறு; மற்ற படிகள் சேர்ந்தால் நாற்பதை எட்டிப் பார்க்கும். இத்தனை வருட சர்வீசுக்குப் பிறகு, பிடித்தமெல்லாம் போக, அபிதாவின் கைக்கு வருவது அறுபதுக்குக் கொஞ்சம் கீழே. அதற்காக அவள் ஸ்பீடு போஸ்ட் போடுவாள், சேமிப்புக் கணக்கு தொடங்குவாள், ஆதாரில் செல்போன் எண்ணை மாற்றித் தருவாள், பென்ஷன் வராத பெரியவருக்குச் சமாதானம் சொல்வாள். சாயங்காலம் கல்லாவில் ஐம்பது ரூபாய் குறைந்தால் சொந்தப் பணத்தைப் போட்டு நேர் செய்வாள். சர்வர் படுத்துக்கொண்டால் வரிசையில் நிற்பவர்கள் சர்வரையா திட்டுகிறார்கள்? அதையும் அவள்தான் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு நடுவே மனசு சற்று வெளியே போய்வரத்தானே செய்யும். அபிதாவின் மனசு அந்தமான் வரைக்கும் போகும். போளூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் அங்கே வேலை பார்க்கும் மகளுக்கு மாதாமாதம் முறுக்கு அனுப்புவார். 744101 என்று தட்டியதும் கவுண்டர் கண்ணாடிக்கு அப்பால் மெல்லக் கடல் ஏறிவரும். பச்சைக் கடல். கரையில் ஆளே இருக்காது. வரிசையில் நிற்பவர்கள் இடுப்பளவு அலையில் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். பஜாரில் ஆட்டோ அடிக்கும் ஹாரன் கப்பல் சங்காகக் கேட்கும். அவள் கால் போனதென்னவோ திருப்பதி வரைக்கும்தான்.

அந்தத் திங்கட்கிழமையும் முறுக்குக்காரர் வந்து போனார். கடல் இன்னும் வடியவில்லை, அதற்குள் குப்புராஜ் ஒரு பார்சலோடு வந்து நின்றார். பட்டு நெசவாளி. போன வாரம்தான் கண் ஆபரேஷன் ஆகியிருந்தது; கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். குன்னூரில் அவருடைய தங்கை மகள் துர்காவுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் என்று முகூர்த்தப் புடவையைத் தன் கையாலேயே நெய்து முடித்திருந்தார். டாக்டர் பயணமே கூடாது என்று சொல்லிவிட்டதால் கல்யாணத்துக்குப் போக அவருக்கு வழியில்லை.

"புதங்கெழம காலைல போய்டுமாங்க மேடம்? ப்ளவுஸ் தைக்கணும். அதுக்கு மேல வந்தா தைக்க மாட்டேன்னு டைலர் சொல்லிகினு கீறாராம்."

"ஸ்பீடு போஸ்ட்டுண்ணா. போய்டும்."

குன்னூருக்கு 643101. அபிதாவின் விரல் தட்டியது 744101. கடைசி மூன்று எண்களும் ஒன்றுதான், முன்னால் இருந்தது மட்டும் கடல். தபால்காரி ஒருத்தியைத் தவிர வேறு யாராலும் செய்ய முடியாத தப்பு அது. லேபிள் வந்தது, ஒட்டினாள். கட்டணம் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. குப்புராஜ் கேட்டதைக் கொடுத்தார். ரசீதில் இருந்த பொடி எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

மூன்று மணிக்குத் திரும்பி வந்தார்.

"வூட்ல ரசீதப் படிச்சாங்க மேடம். அந்தமான்னு போட்டுகீதாம்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

தபால் பை மதிய வேனிலேயே போய்விட்டிருந்தது. போஸ்ட்மாஸ்டர் காத்தவராயன் காட்பாடியில் தபால் பிரிக்கும் இடத்துக்குப் போன் போட்டார். பார்சல் அங்கேதான் இருந்தது. எடுத்துத் தனியாக வைத்தார்கள். குப்புராஜ் அதைத் திரும்பக் கேட்டு எழுதிக் கொடுத்தார். ஆனால் மறுபடி தபாலில் போட்டால் வியாழக்கிழமைதான் போய்ச் சேரும்.

"உடுங்க மேடம்," என்றார் குப்புராஜ். "பொண்ணு வேற எதனா கட்டிக்கும்."

அபிதா நாற்காலியிலிருந்து எழுந்தாள். "நீங்களும் போவலை, புடவையும் போவலைன்னா எப்படிண்ணா? வாங்கிக்க எம்பேர்ல எழுதிக் குடுங்க. நான் எடுத்துகினு போறேன்."

காத்தவராயன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். "ரூல்ல இதுக்கு எடமில்லம்மா. ஆனா லீவு போட்டுட்டு நீங்க எங்க போனா எனக்கென்ன? மெமோ வந்தா அப்பறம் பார்த்துக்கலாம்."

செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் காட்பாடி. பார்சலை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கோவைக்குப் போகும் பகல் ரயில் ஏறினாள். ஜன்னலில் ஒவ்வொரு ஸ்டேஷனாக வந்தது. சேலத்தில் மாம்பழம் விற்றார்கள். ஈரோட்டில் ஓர் ஆறு, நிஜ ஆறு, வெயிலில் மினுங்கிக்கொண்டு கிடந்தது. இத்தனை நாளும் ஆறு எண்களாக இருந்த ஊர்கள் வாசனையோடும் சத்தத்தோடும் கடந்து போயின. அவளுக்குத் தூக்கம் வரவில்லை, விழித்திருப்பது போலவும் இல்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் மலை ஏறியது. மேகம் ஜன்னல் வழியே உள்ளே வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்தது. எட்டுகிற தூரத்தில் தேயிலை. பார்சலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டைக் கண்டுபிடித்தபோது சாயங்காலம். கதவைத் தட்டினாள்.

"யாருங்க?"

"தபாலுங்க."

கதவைத் திறந்தது கல்யாணப் பெண் துர்காதான். "எங்க கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டாள். எங்கேயும் வேண்டாம் என்றாள் அபிதா. துர்கா அங்கேயே, வாசலிலேயே, கத்தரிக்கோலால் பார்சலைப் பிரித்தாள். மயில்கழுத்து நிறம், அரக்கு பார்டர். பிரித்த வேகத்தில் புடவை அவள் கையிலிருந்து வழிந்து தரை வரை இறங்கியது. "மாமா," என்று மட்டும் சொன்னாள். முகத்தைப் பட்டுக்குள் புதைத்துக்கொண்டாள்.

எத்தனை ஆயிரம் புடவைகளை அபிதா எடை போட்டிருப்பாள். எத்தனை கிராம் என்று தெரியும், எந்த ஊருக்கு என்று தெரியும். இதுவரை ஒன்றைக்கூட யாரும் அவள் முன்னால் பிரித்ததில்லை.

அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதாள். மலைப்பாதையில் வந்ததில் தலை சுற்றியிருக்கும் என்று நினைத்து, பெண் வீட்டார் ஓடிப்போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து கொடுத்தார்கள்.