ஏழாவது நிறம்

திருபுவனையில் ஒரு சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஒரே தொட்டியில் ஆறு நிறங்களை எந்த வரிசையில் தோய்த்தால் நடுவே தொட்டி கழுவும் தண்ணீர் குறையும் என்று சொன்னால் வேலை நிரந்தரம் என்றார் மேலாளர். எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். எல்லா வரிசைகளையும் எழுதிப் பார்த்தேன். எழுநூற்று இருபது; ஒரு வாரம் ஆனது. முடித்த அன்று அவர் ஊதாவையும் சேர்க்கச் சொன்னார். ஒரு நிறம்தானே என்று ஏழால் பெருக்கினேன். ஐயாயிரத்து நாற்பது. மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

தொட்டி கழுவுகிறவள் எட்டிப் பார்த்தாள். "இன்னாடி, இன்னும் எழுதினே கீற? வெளுத்த கலர்ல ஆரம்பிச்சி கருப்புல முடி. நாங்க அப்படித்தான வுடுறோம்."

அதையே எழுதிக் கொடுத்தேன். வேலை நிலைத்தது. ஒரே ஒரு நிறம் கணக்கை ஏழு மடங்காக்கியதை மட்டும் இன்னும் நம்ப முடியவில்லை.