கொலைகாரனின் மனைவி

முன்னறையில் 'கிளிக்' என்று ஒரு சத்தம். குசினியில் தேத்தண்ணிக்கு இஞ்சி தட்டிக்கொண்டிருந்த தவமணியின் கை நின்றது. சிலாபம் நீதிமன்ற வாசலில் அவள் வாழ்வைக் கெடுத்த சத்தமல்லவா அது!

ஓடி வந்தாள். சுவரில் மாலையோடு தொங்கிய அவள் கணவனின் படத்தை, பத்திரிகைப் படப்பிடிப்பாளர் ஹில்மி கேட்காமலே கமராவில் எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரக் கேட்டு எடுத்தீங்க?"

"கோவிக்காதீங்க அக்கா. கொழும்பில கண்காட்சி. உங்கட பழைய படம்தான் வாசலிலயே." கொண்டுவந்த பிரதியை நீட்டினார்.

அந்தப் படம்! உடப்புக் கரையில், கரைவலை இழுக்கும் இடத்துக்கான சண்டையில் அவள் கணவனைக் குத்திக் கொன்றவன் வலைக்குச் சொந்தக்காரனான ஒரு சம்மாட்டி. வழக்கு நாளில் நீதிமன்ற வாசலில் ஹில்மி அவளிடம், "நீங்க யாருட மனுசி?" என்று கேட்டார். கட்டியவன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று வளர்க்கப்பட்டவள் அவள். ஆயுசே போன பின்னும் நாக்கு எழவில்லை. திறந்த கதவினூடே, உள்ளே மேசையில் சான்றுப் பொருளாகக் கிடந்த கணவனின் இரத்தச் சட்டையை நோக்கிக் கை நீட்டினாள். சட்டைக்குப் பின்னால் கூண்டில் நின்றவனோ சம்மாட்டி! அவனைத்தான் காட்டுகிறாள் என்று ஹில்மி எண்ணிக்கொண்டார்.

மறுநாள் பத்திரிகையில் நீட்டிய கையோடு அவள். கீழே: 'கொலைகாரனின் மனைவி கதறல்.'

கருவாடு விற்றுத்தான் மகள் கோசலாவை வளர்த்தாள். "கொலைகாரன்ட மனுசிட கருவாடு வேணாம்" என்று சிலாபம் சந்தையில் எத்தனை பேர் முகத்துக்கு நேரே சொன்னார்கள்!

"கீழ உள்ள எழுத்த மாத்துவீங்களா?"

"எப்படி அக்கா? அந்த எழுத்தோடதான் பரிசே கிடைச்சது. அது இப்ப சரித்திரம்."

"என்ட புருசனக் குத்தினவனுக்கே என்னக் கட்டிவச்சிட்டு, சரித்திரமா?"

ஹில்மி சிரித்தார். "அண்டைக்கே வாயத் திறந்து பேரச் சொல்லியிருக்கலாமே. இப்பவாவது சொல்லுவீங்களா?"

தவமணி மாலையிட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"வீரகத்தி!"

உள்ளே நின்ற கோசலா திடுக்கிட்டாள். தாயின் வாயில் தகப்பன் பெயரை அவள் கேட்டதே இல்லை.

"வீரகத்திட மனுசி தவமணி! எழுதுங்க! இல்லாட்டி கொழும்புக்கே வந்து, அந்தப் படத்துக்குக் கீழ நிண்டு கத்துவன்!"

ஹில்மியின் சிரிப்பு செத்தது. பேனாவை எடுத்தார். பிரதியின் கீழிருந்த பழைய வரியை வெட்டி, அவள் சொன்னபடியே எழுதினார். பிறகும் ஆசை விடவில்லை. "ஒரேயொரு படம், அக்கா..." என்று கமராவைத் தூக்கினார்.

தவமணி மறுபடி கையை நீட்டினாள். இம்முறை வாசலை நோக்கி.

அவர் படியிறங்கியதும் கோசலா கதவைச் சாத்தினாள்.