ரீஃபருக்குள் பேசிய கேசட்டுகள்

நேற்று பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு குளிர்வண்டியின் பின்கதவைத் திறந்தார்கள். வெண்புகை கீழே வழிந்தது. நனைந்த அட்டை, உறைந்த கோழி, ஈர இரும்பு, எல்லாம் கலந்த வாடை. கத்தரிக்காய் வாங்க வந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உடம்பு இங்கே வெயிலில் நிற்க, மூக்கு மட்டும் குவைத்துக்குப் போய்விட்டது.

நான் அங்கே இருந்தபோது, குவைத்துக்காக ஈராக்கோடு நடந்த போர் முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. எண்ணெய்க் கிணறுகளின் தீயை அணைத்துவிட்டார்கள். மணலில் கறுத்த பொருக்கு மட்டும் மிச்சம். நடுப் பாலைவனத்தில் அமெரிக்கர்களின் முகாம். சோறாக்க, துணி வெளுக்க, கக்கூஸ் கழுவ, சரக்கு இறக்க எங்களைப் போன்றவர்கள். வென்றது நாங்கள் இல்லை. தோற்றதும் நாங்கள் இல்லை. கழுத்தில் தொங்கும் அட்டையைக் காட்டினால் உள்ளே விடுவார்கள். மறந்துவிட்டால், காலையில் நம்மிடம் முட்டை வாங்கித் தின்றவனே துப்பாக்கியோடு மறிப்பான். மறித்துவிட்டு, வெட்கப்பட்டு, மன்னிப்பும் கேட்பான். அவனுக்கும் வீட்டு நினைப்புதான். கடிதம் வராத நாளில் அந்த முகம் எங்கள் முகம் மாதிரியே இருக்கும்.

நான் சரக்கு அறையில் இருந்தேன். ரீஃபர் என்று நாங்கள் சொல்லும் பெரிய குளிர்ப்பெட்டிகளின் சாவி என் இடுப்பில். சமையலில் உவரிக்காரர் ஒருவர்; முகாமில் எனக்கு வாய்த்த ஒரே நெல்லைப் பேச்சு. போர் தொடங்கும் முன்பே குவைத்தில் ஓட்டல் வேலை பார்த்தவர். ஈராக் பட்டாளம் நுழைந்ததும் பாலைவனம் கடந்து, ஜோர்டான் போய், விமானம் ஏறி ஊர் வந்து சேர்ந்தவர். வந்து சேரும்வரை ஒரு தகவலும் இல்லை. அவர் மனைவி பாதிச் செத்துப் பிழைத்திருக்கிறார். நேராகக் கோயிலுக்கு இழுத்துப்போய், பட்டாளம் இருக்கிற ஊருக்கு இனிப் போகமாட்டேன் என்று சத்தியம் வாங்கிவிட்டார்.

அந்தச் சத்தியத்தோடுதான் இவர் இங்கே இட்லி அல்ல, படைக்கு உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தார். கிடைத்த வேலை இது ஒன்றுதான். வீட்டில் சொன்னது துபாய், மளிகைக்கடை. அதனால் தபால் எல்லாம் துபாயில் இருந்த ஒரு கூட்டாளி வழியாகச் சுற்றிப் போய்வந்தது. மனைவியோ, எழுத்து வேண்டாம், குரல் வேண்டும் என்று கேட்டார்.

முதல் கேசட்டைக் கூடாரத்தில் வைத்துப் பேசினார். திருப்பிப் போட்டால், "சொகமா இருக்கியா புள்ள" என்ற இடத்தில் தலைக்கு மேலே ஹெலிகாப்டர்.

"மளிகைக்கடை மேல எதுக்குவே ஹெலிகாப்டரு பறக்குது?" என்றேன்.

அழித்துவிட்டார். மறுநாள் என் இடுப்பைப் பார்த்தபடி வந்தார். "ஒம்ம கையில சாவி இருக்குல்லா? அந்த ரீஃபருக்குள்ள உக்காந்து பேசுதேன்வே. ஒரு சத்தம் உள்ள வராது."

"அது இரையுமே?"

"இரைஞ்சா என்ன? மளிகைக்கடையில பிரிட்ஜு இருக்காதா?"

"வெறச்சுப் போவீரு வே."

"போனா என்ன? கெட்டுப்போவ மாட்டேன்லா."

கோழிப் பெட்டிகள்மேல் டேப்ரெக்கார்டரோடு உட்கார்ந்தார். கதவைச் சாத்தி நான் வெளியே காவல் நின்றேன். வெளியே தோல் உரியும் வெயில். உள்ளே ஒரு மனிதன் பல் கிட்டிக்க, "நான் சொகமா இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி இரண்டு கேசட்டுகள் போயின. மூன்றாவதை, விடுமுறைக்கு வந்த நான் கொண்டுவந்தேன்.

ஊர் வந்ததும் தாமிரபரணியில் மூன்று தரம் முங்கினேன். காதுக்குள் ஹெலிகாப்டர் நிற்கவில்லை. அடுத்த நாள் பஸ் பிடித்து சாத்தான்குளம் வழியாக உவரி போனேன்.

உவரிக்காரரின் மனைவி கேசட்டை வாங்கிய கையோடு போட்டார். ரீஃபருக்குள் பேசியதை அப்போதுதான் நானும் முதல்முறை கேட்டேன். பதியும்போது குளிரில் பேட்டரி சோர்ந்து டேப் மெதுவாகச் சுற்றியிருக்க வேண்டும். வீட்டில் ஓடும்போது குரல் கீச்சென்று மெலிந்து கேட்டது. ஒவ்வொரு சொல்லிலும் நடுக்கம். எங்கே உட்கார்ந்து பேசினார் என்று தெரிந்த எனக்கே ஆஸ்பத்திரிக் கட்டில்தான் கண்ணில் வந்தது.

அவர் பாதியிலேயே நிறுத்தினார். "அண்ணாச்சி, மறைக்காம சொல்லுங்க. அவியளுக்கு என்ன நோவு?"

"நோவா? ஒண்ணும் இல்லையே."

"இதோட மூணு கேசட்டு. மூணுலயும் நடுக்கம். மொத ரெண்டையும் சாத்தான்குளத்து டாக்டர்ட்ட போட்டுக் காட்டுனேன்."

"கேசட்டையா?"

"ஆமா. ஆளப் பாக்காம நோவு சொல்லக் கூடாதுன்னாரு. நான் எந்திரிக்கல. பொறவு, மலேரியாக் குளிராட்டம் இருக்குன்னு மாத்திர எழுதித் தந்தாரு." மடித்த பொட்டலத்தை என் கையில் வைத்து அழுத்தினார். "இந்த நடுக்கத்துலயும் சொகமா இருக்கேன்னு சொல்லுதாவளே. சாவப் போறவியதான் அப்பிடிச் சொல்லுவாவ."

கன்னம் ஒட்டியிருந்தது. சாப்பாடு இறங்கி எத்தனை நாளோ. சொல்லக் கூடாது என்று உவரிக்காரர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். மனைவியைப் பயத்திலிருந்து காக்கத்தான் அந்தப் பொய். அதுவே இந்த அம்மாளைத் தின்றுகொண்டிருக்கிறது. நான் சொல்லிவிட்டேன். முகாம், ஹெலிகாப்டர், சாவி, குளிர்ப்பெட்டி, எல்லாம்.

அவர் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"கோழிப் பெட்டி மேலயா?"

"ஆமா."

முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். தோள் குலுங்கக் குலுங்க அது அழுகை ஆயிற்று. பிறகு, "கோயில்ல நின்னு சத்தியம் பண்ணுன மனுசன்!" என்று டேப்ரெக்கார்டரைப் பார்த்தே திட்டினார். அங்கே சண்டை உண்டா என்று கேட்டார். இப்போது இல்லை என்றேன். நாளைக்கு? எனக்குத் தெரியவில்லை என்றேன். பிறகு, இனி வேண்டாத மாத்திரைப் பொட்டலத்தை என் கையிலிருந்து எடுத்துக்கொண்டார்.

பஸ் வரை கூட வந்தார். கடல்காற்றில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் ஊதியதும் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"எனக்குத் தெரியும்னு இப்பம் சொல்லாதிய அண்ணாச்சி. இன்னும் ஒரே ஒரு கேசட்டுக்கு அங்கன உக்காந்து நடுங்கட்டும். பொறவு சொல்லிருங்க, பட்டாளத்துக்குப் பொங்கிப் போட்டது போதும், வீட்டுக்கு வந்து சேரச் சொல்லி."