அப்படி யாரும் எங்க ஊர்ல இல்லை

ஆந்திரம் தனி மாநிலமாகிச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. நான் திருப்பதியில் கல்லூரியில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். சொந்த ஊர் புத்தூர் பக்கம். வீட்டில் தமிழ், சந்தையில் தெலுங்கு, சண்டை என்று வந்தால் இரண்டிலும் திட்டுவோம். சித்தூர் ஜில்லாவின் தமிழ் ஊர்கள் சென்னையோடு சேருமா, இங்கேயே நிற்குமா என்று எல்லைத் தகராறு கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவர் அந்தப் போராட்டத்தில் ரயிலை மறித்து ஜெயிலுக்குப் போய் வந்தவர்.

அந்த வருஷம்தான் கல்லூரியில் மாணவர் படையின் விமானப் பிரிவுக்கு ஆள் எடுத்தார்கள். ஓடச் சொன்னார்கள், மார்பு அளந்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் தேறிச் சேர்ந்துவிட்டேன். விமானத்தின் கறுப்பு நிழல் படத்தைக் காட்டி, இது எந்த விமானம் என்று கேட்பார்கள். மற்றவர்கள் விழிப்பதற்குள் நான் சொல்லிவிடுவேன். நன்றாகச் செய்கிறவர்களைப் பெங்களூர் முகாமுக்கு அழைத்துப்போய்ச் சின்ன விமானத்தில் ஏற்றுவார்களாம். அப்படியே விமானப் படைக்கும் வழி பிறக்குமாம். முகாமுக்கு என் பெயரும் வந்தது. அதுவரை எனக்கு எதன்மேலும் அவ்வளவு ஆசை வந்ததில்லை. சோறு இறங்கவில்லை என்றால் நம்புங்கள்.

நீலத் தொப்பியோடு ஊருக்குப் போனேன். அம்மா என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நைனா மட்டும், "ஜெயில்ல போட்டதும் இந்த சர்க்காருதான், தொப்பி குடுக்கிறதும் இந்த சர்க்காருதானா? சரி, போய்க்கினு வா" என்றார். அவர் அவ்வளவு சொன்னதே பெரிய விஷயம்.

முகாமுக்குக் கிளம்பச் சில நாள் இருக்கும்போது, அணிவகுப்பு முடிந்ததும் எங்கள் ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்தான், கெட்டவர் இல்லை. "ஏமய்யா, உன் ஊரில் உன் பெயரில் யாருமே இல்லையாமே" என்றார். விளையாடுகிறார் என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. விமானப் பிரிவு என்பதால் ஊரில் போலீஸ் விசாரித்திருக்கிறது. அப்படி ஒரு விசாரணை உண்டு என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அப்படி ஆளே கிடையாது என்று ஊரே சொல்லிவிட்டதாம். எதிரே குத்துக்கல் மாதிரி நிற்கிறேனே சார் என்றேன். தொப்பியையும் உடுப்பையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, முடிந்தால் சித்தூருக்குப் போய்ச் சரிசெய்துகொண்டு வா என்றார்.

சித்தூர் போலீஸ் ஆபீசில் காலையிலிருந்து நிற்க வைத்தார்கள். கடைசியில் ஓர் அதிகாரி என் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே முகத்தைச் சுளித்தார். "ஓகோ, மெட்ராஸ் போறோம்னு கத்துற ஊரா? அங்கேயே போய்ப் பறக்க வேண்டியதுதானே" என்றார். நான் கெஞ்சினேன். போலீசிடம் பொய் சொன்னவர்கள் யார் யார் என்று பெயர்களைக் கொண்டுவந்து கொடு, அவர்கள்மேல் நடவடிக்கை எடுத்துவிட்டு உன் விஷயத்தைச் சரிசெய்கிறேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பஸ்ஸில் வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எந்தப் பாவி சொன்னானோ அவனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, மறுநாளே சித்தூரில் பெயரைக் கொடுத்துவிடுவது என்று முடிவே செய்துவிட்டேன். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லாத மணியக்காரர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டு வாசலில் கால் வைத்ததும் அம்மா ஓடிவந்தாள். முகமெல்லாம் பூரிப்பு.

"உன்னத் தேடிக்கினு ஒருத்தன் வந்தான்டா. சட்டை சாதாரண சட்டைதான், ஆனா கால்ல போலீஸு பூட்ஸு. எனக்கா தெரியாது? இன்னா படிக்கிறான், யாரோட சுத்திக்கினு கீறான்னு தெலுங்குல நோண்டுறான். அப்படி யாரும் எங்க ஊர்ல இல்லைன்னு மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிட்டேன்."

தோளில் இருந்த பையை அப்படியே திண்ணையில் வைத்தேன். அவளோ நிறுத்தவில்லை.

"போன தபா இப்படித்தான் ஒருத்தன் வந்து நல்லவன் மாதிரி கேட்டான். நானும் பைத்தியக்காரி மாதிரி, கொல்லையில கீறாருன்னு உண்மையச் சொன்னேன். உங்க நைனாவ இட்டுக்கினு போய்ட்டான். மறுபடியும் ஏமாறுவனா?"

அக்கம்பக்கத்துப் பெண்களும் கூடிவிட்டார்கள். தாங்களும் அதையேதான் சொன்னோம் என்று ஆளுக்கு ஆள் பெருமை. அந்த மணியக்காரர்கூட, "எங்க ஊர்ல அப்படி ஆளே கிடையாது" என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். பங்காளிச் சண்டைக்குக் குறைவில்லாத ஊர், வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் ஒற்றுமையாக இருந்திருக்கிறது. அந்த நாளும் என் தலையில்தான் விடிய வேண்டுமா?

அந்த ஆளுக்கும் என் தொப்பிக்கும் சம்பந்தம் இருக்கும் என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? எனக்கே தெரியாதே. தட்டில் சோறு போட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். சித்தூரில் கேட்ட பெயர்களில் முதல் பெயர் அவளுடையது. நான் சாப்பிட்டேன். கண் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"போவட்டும் உடு, ஆகாசத்துல போய் இன்னா கண்டுடப் போற" என்றாள்.

சித்தூருக்கு நான் திரும்பப் போகவில்லை. முகாமுக்குப் போனவர்கள் வந்து, மேலேயிருந்து பார்த்தால் ஏரியெல்லாம் எப்படித் தெரிகிறது என்று விடுதியில் வாய் ஓயாமல் பேசினார்கள். நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்வேன். கொஞ்ச காலத்தில் எல்லையும் முடிவானது. திருத்தணி சென்னையோடு போனது, எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. நைனா ஜெயிலுக்குப் போனதும் வீண், அதனால் என் விமானம் கைவிட்டுப் போனதும் வீண். பிறகு நான் பள்ளிக்கூட வாத்தியாராகிக் காலத்தை ஓட்டினேன்.

அம்மா சாகும்வரை அந்தக் கதையை விடவில்லை. என் மனைவியிடம், பிள்ளைகளிடம், விருந்துக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள்: "நான் மட்டும் அன்னிக்கு வாயத் தொறந்திருந்தா இவனும் ஜெயில்லதான்." எல்லாரும் என்னைப் பார்ப்பார்கள். ஆமாம் ஆமாம் என்று நானும் சிரிப்பேன். மகனைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியோடு அவள் போய்ச் சேர்ந்தாள். எதிலிருந்து காப்பாற்றினாள் என்பதை மட்டும் இந்த வயதிலும் நான் யாரிடமும் சொன்னதில்லை.