சரசு அக்கா வெளியே போனபோது வந்த வெளிச்சம்

அன்று அம்மன் கோயிலில் வெளிச்சம் அணைந்ததற்குக் காரணம் நான். சரசு அக்காவின் துடக்கு அல்ல. என்னுடைய பற்றரி ஸ்கூட்டர்!

இதை என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

பெற்றோலுக்கு வரிசையில் நின்று வெறுத்துப்போய் வாங்கிய வண்டி அது. வாங்கிய பிறகு ஒரு பித்துப் பிடித்தது. வெளிநாடுகளில் பற்றரிக் கார்கள் பந்தயம் ஓடுவதைக் கைபேசியில் பார்ப்பேன். புகை இல்லை, உறுமல் இல்லை... ஆனால் என்ன வேகம்! அந்த விசை எங்கே ஒளிந்திருக்கிறது? என் வண்டிக்குள்ளும் இருக்குமா? எட்டாம் வகுப்போடு நின்றவன் இதை யாரிடம் கேட்பேன்?

ஏறாவூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் நஸீர் என் கூட்டாளி. "என்ன மச்சான், உன்ட வண்டி ஓடுதா, உருளுதா? சத்தத்தையே காணல்லியே" என்று தெருவில் வைத்துக் கேட்டான். வாவிக்கரை வீதியில் ஓடிப் பார்ப்போம் என்றேன். அவன் குறித்த நாள், அம்மன் கோயிலின் வைகாசித் திருவிழாவான சடங்குக் கிழமைக்குள் விழுந்துவிட்டது.

சடங்கென்றால் நான் விரதமிருந்து கோயிலிலேயே தங்கித் தொண்டு செய்பவன். பந்தயத்துக்கு முதல்நாள் அந்தியில் பார்க்கிறேன், பற்றரியில் பாதிதான் இருக்கிறது. மடப்பள்ளிக்குப் பின்னால் ஒலிபெருக்கிக்கும் அலங்கார விளக்குகளுக்கும் இழுத்த வயர் இருந்தது. அதிலே சார்ஜரைச் சொருகினேன். யாரிடமும் கேட்கவில்லை... அம்மன் தாயிடமும்கூட!

பிறகு வந்து கோயில் வாசலில் கைகூப்பி நின்றேன். திரை விலகும் நேரம் வெளிச்சம் போனது. ஒலிபெருக்கி அடங்கியது. தெய்வமாடியவரின் குரல் மட்டும் கேட்டது.

"வாசலில துடக்கு நிக்குது."

எண்ணெய் விளக்கின் மங்கலில் எல்லாக் கண்களும் சரசு அக்காவின் மேல் போயின. எங்கள் அடுத்த வீட்டுக்காரி. வருஷாவருஷம் அம்மனின் பொங்கலுக்கு அரிசி புடைப்பவர். களுவாஞ்சிக்குடியில் மகளுக்குப் பிள்ளை பிறந்து, பிள்ளைப்பேற்றுத் தீட்டான துடக்கு நாட்களைக் கழித்து வந்திருந்தார்.

நாள் எண்ணித்தான் வந்தேன் என்று மெல்லச் சொன்னார். பக்கத்தில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு நடந்தார்.

நான் மடப்பள்ளிக்குப் பின்னால் ஓடினேன். சார்ஜரைப் பிடுங்கி, விழுந்திருந்த ட்ரிப் சுவிட்சைத் தூக்கினேன். வெளிச்சம்! அவர் வாசலைத் தாண்டிக் கால் வைத்த அதே நேரம்... பெண்கள் குரவையிட்டார்கள். இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் அவர்களுக்கு? வயர் என் கையில் இருந்தது. குரவை ஓயும்வரை அப்படியே நின்றேன்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். ஓம், சொல்லியிருக்கலாம். பயந்தேன். அது பாதிதான். மறுநாள் காலையில் பந்தயம் இருந்தது... சொன்னால் என்னை விடுவார்களா?

ஓடினேன். வென்றேன். பின்னால் நஸீரின் மோட்டார் கத்திக் கத்தித் தேய்ந்துபோனதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டேன். அதையும் மறைக்க மாட்டேன். இப்போது அவனும் பற்றரி வண்டியில்தான் மீன் கொண்டுவருகிறான். வந்தது தெரியவில்லை என்று பெண்கள் ஏசுவதால், வீட்டு வாசல் படலைக்குப் படலை ஹார்ன் அடிக்கிறான்.

எனக்கோ இன்னும் ஒன்று விளங்கவில்லை. அன்று தெய்வம் சொன்னது பொய்யா? நானும் அதே வாசலில்தானே நின்றேன்... துடக்கு என்று தாய் சொன்னது என்னைத்தானோ? ஆள் மாறிப் பார்த்தது சனம்தானோ?

சரசு அக்கா அதன் பிறகு கோயிலுக்குள் வரவில்லை. அரிசி புடைக்க வேறொருத்தி வருகிறாள். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் சரசு அக்காவின் முகம் கறுத்துவிடும். ஆஸ்பத்திரிக்குப் போக என் வண்டியில்தான் ஏறுவார். உதறல் இல்லை, முழங்காலுக்குச் சுகமாம்.

கோயிலடி வந்ததும், "கொஞ்சம் நிப்பாட்டு தம்பி" என்பார். இறங்க மாட்டார். பின்னால் இருந்தபடியே கும்பிடுவார். பெற்றோல் வண்டியென்றால் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. இது சத்தமில்லாத வண்டி... ஒவ்வொரு சொல்லும் என் முதுகில் விழும்.

"தாயே, துடக்கு நாள நான்தான் பிழையா எண்ணிப்போட்டன். பிள்ளையில குற்றம் வைக்காத."

பிறகு, போவோம் தம்பி என்பார்.

நான் கைப்பிடியை முறுக்குவேன். வண்டி சத்தமில்லாமல் போகும்.